'அடுத்த வாரம்' சொல்லாத வீடு

கவிநிலாவின் வீட்டில் ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்வதில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. 'அடுத்த வாரம்' என்பதுதான் அது.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது அந்த வீடு. "ஸ்கூல் எப்போ திறக்கறாங்க?" என்று அப்பா கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்லப்பா" என்பாள் கவிநிலா. பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கவனம்.

காரணம், அவள் தம்பி செழியன். அவன் பிறந்தபோது காசநோய்த் தடுப்பூசி கைவசம் இல்லை, புதன்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் புதன்கிழமை அப்பாவின் ஆட்டோவுக்கு நல்ல சவாரி. அதற்கடுத்த புதன் தம்பிக்குச் சளி. அப்புறம் யாரோ சொந்தக்காரர் கல்யாணம். பச்சைப் பிள்ளைக்கு ஊசி போட்டால் தாங்குமா என்று அம்மாவுக்கும் உள்ளூரப் பயம். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் மறந்தே போனார்கள்.

ஒன்றரை வயதில் செழியனுக்குக் காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. காசநோய் மூளை வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டிருந்தால் இவ்வளவு முற்றாமல் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன செழியன் பிழைக்கவில்லை.

'இருந்திருக்கலாம்' என்ற அந்த ஒரு வார்த்தை அம்மாவின் தூக்கத்தைப் பறித்துக்கொண்டது. செழியன் பெயரைக்கூட அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

இப்போது இனியா பிறந்திருக்கிறாள். எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள், பாவம். "கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் ஊசி போடலாம்" என்றார்கள். ஒரு வழியாக எடையும் ஏறிவிட்டது. அந்தப் புதன்கிழமை, சுகாதார நிலையத்தின் கதவைத் திறப்பதற்கு முன்பே அம்மா ஆதிலட்சுமி குழந்தையோடு வாசலில் நின்றாள். கவிநிலா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள்.

ஆனால், நர்ஸ் தேவிப்ரியா கையைப் பிசைந்தார்.

"இன்னிக்கு சித்திரைப் பௌர்ணமிம்மா. வேற யாருமே வரல. இந்த மருந்து ஒரு பாட்டில்ல பத்துப் பிள்ளைங்களுக்கு இருக்கும். திறந்துட்டா நாலு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிடணும். ஸ்டாக் கம்மியா இருக்கு. இன்னும் மூணு பிள்ளைங்களாவது வந்தா திறந்துடுவேன்."

"அவங்களுக்கு ஃபோன் பண்ணுங்க சிஸ்டர்" என்றாள் கவிநிலா.

"பண்ணேன் பாப்பா. நம்ம ஏரியால மூணு பிள்ளைங்க பாக்கி. மூணு அம்மாவும் ரோட்டுல கடை போட்டிருக்காங்க. பௌர்ணமி வியாபாரத்தை விட்டுட்டு யாரு வருவாங்க? நீங்க அடுத்த வாரம் வாங்கம்மா."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இனியாவை இறுக அணைத்தபடி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் போமாட்டேன் சிஸ்டர். எவ்ளோ நேரமானாலும் இங்கயே இருக்கேன்."

அம்மாவைப் பார்த்ததும் கவிநிலாவின் கண்கள் நிறைந்தன. அழுதால் அம்மாவும் அழுவாள் என்று, அழுகையை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"அந்த மூணு பேரும் ஒரே நேரத்துல வரணுமா சிஸ்டர்?"

"பாட்டிலைத் திறக்கறப்ப பிள்ளைங்க இங்க இருந்தா போதும்."

கவிநிலா பையை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள்.

ரோட்டில் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. வேர்க்கடலை விற்கும் பாஞ்சாலை அக்கா, பக்கத்துப் புளியமரத்தில் புடவைத் தொட்டில் கட்டியிருந்தாள். உள்ளே அவள் மகன் வல்லரசு கட்டை விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான். பேர்தான் வல்லரசு, இருந்தது ஒரு சாண்.

கவிநிலா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"போடணும்தான் கண்ணு. கடையை யாரு பாப்பாங்க?"

"நான் பாக்கறேன்க்கா."

பாஞ்சாலை அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கவிநிலா வியாபாரத்தில் குறை வைக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொசுறை அள்ளி அள்ளிப் போட்டாள். கூட்டம் சேர்ந்துவிட்டது!

திரும்பி வந்த பாஞ்சாலை, குறைந்துபோன கடலைக் குவியலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"அடியே, கொசுறு போட்டே கடையைக் காலி பண்ணிடுவ போல! சரி சரி, ஓடு. இன்னும் ரெண்டு வேணுமாம். வல்லரசை உங்கம்மா மடியிலதான் விட்டுட்டு வந்திருக்கேன்."

வளையல் கடைக்கார அக்காவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. கடையில் கணவர் இருந்தார். குழந்தையோடு உடனே கிளம்பிவிட்டாள்.

கடைசியாக, எலுமிச்சை ஜூஸ் போடும் அருணாதேவி. அவள் பிடி கொடுக்கவில்லை.

"எனக்கு வேணாம்பா. பெரியவனுக்குப் போட்டு கை வீங்கி, சீழ் வச்சு, ஒரு மாசம் எங்களைத் தூங்க விடல. இந்தப் பொண்ணுக்கும் அதே பாடா?"

கவிநிலா சட்டைக் கையைச் சுருட்டினாள். இடது தோளுக்குக் கீழே சின்னதாக ஒரு தழும்பு தெரிந்தது.

"எனக்கும் வீங்குச்சாம்க்கா. இப்ப பாருங்க, பொட்டு மாதிரி ஆயிடுச்சு. எங்க தம்பிக்குத்தான் போடல."

"அதுக்கென்ன? அவனையும் தூக்கிட்டுப் போ. இன்னிக்கே போட்டுடுவாங்க" என்றாள் அருணாதேவி, எலுமிச்சையை நறுக்கிக்கொண்டே.

இவ்வளவு நேரம் விழுங்கி வைத்திருந்த அழுகை கவிநிலாவின் கண்ணில் வந்து நின்றது.

"அவன் போன வருஷம் செத்துப் போய்ட்டான்க்கா. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு விட்டுட்டோம்."

அருணாதேவியின் கத்தி நின்றது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கித் தோளில் போட்டாள். இன்னொரு கையால் கவிநிலாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வா கண்ணு, போலாம்."

"கடை?"

"கிடக்குது போ."

பாட்டில் திறந்தது. முதல் ஊசி இனியாவுக்குத்தான். 'வீல்' என்று அவள் போட்ட சத்தத்தில் வல்லரசு உட்பட எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

"கொஞ்ச நாள் கழிச்சு அந்த இடம் வீங்கும், சீழ்கூட வரும்" என்றார் தேவிப்ரியா. "பயப்படாதீங்க. மஞ்சள் கிஞ்சள் வச்சுடாதீங்க, பிதுக்காதீங்க. தானா ஆறிடும்."

"மஞ்சள் வைக்கக் கூடாதா? நான் மொத்தமா அப்பினேனே!" என்று அருணாதேவி தலையில் அடித்துக்கொள்ள, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இனியாவின் தலையில் முகம் புதைத்து விம்மி விம்மி அழுதாள். செழியன் போன பிறகு அவள் அப்படி வாய்விட்டு அழுதது அன்றுதான். கவிநிலா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் சொன்னபடியே இனியாவின் கையில் சின்னதாக ஒரு வீக்கம் வந்தது. தினமும் காலையில் அம்மா அதைப் பார்ப்பாள், ஆனால் தொட மாட்டாள். சீழ் வந்தது, வடிந்தது, பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்தபோது, உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு இருந்தது. கவிநிலா தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அவளுடையதுபோலவே இருந்தது.

அன்று மாலை ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அப்பா சக்திவேலும் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மெல்ல வந்தது.

"என்னங்க, அடுத்த வாரம் செழியன் பொறந்தநாள்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பாயசம் வைக்கலாம்னு இருக்கேன். அவனுக்குப் பிடிக்குமே" என்றாள் அம்மா.

பாயசத்தில் இருக்கும் சேமியாவை மட்டும் விரலால் இழுத்து இழுத்துத் தின்று, முகமெல்லாம் பூசிக்கொள்வான் செழியன். அது அப்படியே கவிநிலாவின் கண்முன் வந்தது. சிரிப்பும் அழுகையுமாக அவள் இனியாவின் தொட்டிலை ஆட்டினாள்.

"சேமியா ஜாஸ்தியா போடும்மா" என்றாள்.