பன்னிரண்டாம் அறைத் தறிகள்

நோர்வேயில், புருசெத்துக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் எனக்கு அன்றுதான் முதல் வேலைநாள். டிசம்பர் மாதம். பின்னேரம் மூன்று மணிக்கே வெளியே இருட்டிவிட்டது.

“பன்னிரண்டாம் அறைக் கதவை மட்டும் சாத்திப் போடாதையுங்கோ அக்கா,” என்றாள் கூட வேலை செய்யும் மிதுனா. “அந்தப் போலந்துக்காரர் பயப்படுவார்.”

கஸிமியருக்குத் தொண்ணூறு வயது. போலந்தில் ஒரு சின்ன நெசவு நகரம் அவருடையது. ஊரே ஆலைச் சங்குக்கு எழும்பி, ஆலைச் சங்குக்குப் படுக்குமாம். அங்கே அவர் மேற்பார்வையாளர்.

நான் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்குள் தறிகள் ஓடத் தொடங்கின.

தடக். தடக். தடக்.

எண்ணெயும் கருகிய நூலும் மணத்தன.

“உனக்கும் கேட்கிறதா?” அவர் நோர்வேஜிய மொழியில் முணுமுணுத்தார். “பதினொரு பெண்கள். வேலைநேரத்தில் வெளியே போகாதபடி நான்தான் கதவைப் பூட்டினேன். தீப்பிடித்தபோது பூட்டின் திறப்பு என் பையில் இருந்தது. நான் ஓடிவிட்டேன்.”

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பாய்ந்துபோய் இழுத்தேன். அசையவில்லை.

அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

அறையில் புகை இல்லை. அவர் மட்டும் புகைக்குள் கிடப்பவர்போல் மூச்சுக்குத் தவித்தார். ஓடிவந்து அவருடைய கையைப் பற்றினேன். கண்ணுக்குத் தெரியாத யாரோ என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டார்கள். கோபமாக அல்ல, பொறுமையாக.

மிதுனா வந்து கதவைத் திறந்தபோது அவர் இறந்திருந்தார்.

மறுநாள் அவருடைய மகன் மாரெக் ஸ்தவாங்கரில் இருந்து சாமான்களை எடுக்க வந்தார். தகப்பன் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“கதவு பூட்டியிருக்கவில்லை,” என்றார் என் முகத்தைப் பாராமல். “அப்போது அந்த ஆலையில் நான்தான் காவலாளி. விசாரணையில் அப்படித்தான் சத்தியம் செய்தேன்.”

பெட்டியை மூடி, பூட்டாமலே தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

அடுத்த கிழமை அந்த அறைக்கு இங்கர் என்ற நோர்வேஜிய மூதாட்டி வந்தார். நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. காலைச் சாப்பாட்டோடு போனபோது சிரித்தார்.

“இங்கே வருகிற பெண்கள் நல்லவர்கள். என்ன மொழியோ, எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.”

“என்ன கேள்வி?”

“காவலாளி எந்த ஊரில் இருக்கிறான் என்று.”

தட்டை மேசையில் வைத்தேன்.

“ஸ்தவாங்கர்,” என்றேன்.

என் காதுக்கு மிக அருகில், ஒரு பெண்குரல் போலிஷ் மொழியில் நன்றி சொன்னது.