முன்வரிசையில் எட்டாவது நாற்காலி

ஜெர்மனியின் எசன் நகரத்துப் பொது மண்டபத்தில் கொறற்றிக்குத் தெரியாத மூலை கிடையாது. சனிக்கிழமை காலைகளில் அவளுடைய தமிழ்ப் பள்ளி நடப்பது அங்கேதான். கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் மூன்று வருடம் தொடர்ந்து ஆட்டுக்குட்டியாக நடித்ததும் அங்கேதான். அவளுடைய அப்பா ஸ்ரனிஸ்லாஸ் எல்லார் விழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். அதனால் மற்றவர்களின் கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவளும் கூடவே வந்துவிடுவாள்.

அந்த ஆகஸ்ட் மாலையில் நடந்தது அவளுடைய வகுப்புத் தோழி மெய்லின் வீட்டார் நடத்திய விழா. மலேசியாவிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன. மெய்லின் முதல் தடவையாக மேடையில் பாடப்போகிறாள். ஒரே சீனப் பாட்டை மூன்று மாதமாகப் பழகியிருந்தாள். கேட்டுக் கேட்டுக் கொறற்றிக்கும் அது பாடமாகிவிட்டது. அர்த்தம்தான் தெரியாது.

வெளியே நல்ல வெயில். உள்ளே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மேடை விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மட்டும் சிவப்புத் துணி போர்த்திய ஏழு நாற்காலிகள் காலியாக இருந்தன.

கொறற்றிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தமிழ் விழாக்களிலும் முன்வரிசை அப்படித்தான் இருக்கும். பிரதம விருந்தினர் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வருவார். அதுவரை கால் ஆறலாமே என்று நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நாற்காலி சில்லென்று இருந்தது. பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்தினார்கள்.

மெய்லின் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஜெர்மன் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள்.

"எழும்பு கொறற்றி. அதில் ஆட்கள் இருக்கிறார்கள்."

"ஒருவரையும் காணவில்லையே?"

"காண முடியாது," என்றாள் மெய்லின் மெதுவாக. "எங்கள் நாட்காட்டியில் இது ஏழாம் மாதம். இறந்துபோனவர்கள் எங்களைப் பார்க்க வருகிற மாதம். இந்தப் பாட்டெல்லாம் அவர்களுக்காகத்தான். முன்வரிசை அவர்களுடையது."

கொறற்றி துள்ளி எழுந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று காலி நாற்காலியைப் பார்த்து "மன்னிக்கவும்" என்றும் சொல்லிவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து விளக்குகள் அணைந்தன. சற்றுப் பொறுத்து வந்தன. திரும்பவும் அணைந்து, திரும்பவும் வந்தன.

"பியூஸ் எல்லாம் சரியாத்தான் கிடக்கு," என்று தலையைச் சொறிந்தார் அப்பா. "எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை."

மெய்லினின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவை அணைந்தால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதுதான். இந்த மின்சாரத்தை நம்பி இத்தனை பேரை வைத்திருக்க முடியாது."

மெய்லினின் முகம் வாடிவிட்டது. "யாருக்கோ கோபம்," என்று முணுமுணுத்தாள்.

என்னால்தானோ என்று நினைத்தாள் கொறற்றி. நான் போய் அதில் உட்காராமல் இருந்திருக்கலாம். என்னால் மெய்லினின் பாட்டுக் கெட்டுப்போகப் போகிறதே.

அப்பா ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு."

ஒலிபெருக்கியிலிருந்து வேறு ஒரு சத்தம் வந்தது. கிலுங், கிலுங், கிலுங்.

அப்பா கையை எடுத்துவிட்டார். சத்தம் நிற்கவில்லை. யாரோ மண்டபத்தின் ஓரமாக மெதுவாக நடந்து வருவதுபோலக் கேட்டது.

"திறப்புக் கோர்வைச் சத்தம் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் அப்பா.

கொறற்றியின் மூக்கில் பெப்பர்மின்ட் வாசனை அடித்தது. அந்தச் சாவிக்கொத்தை அவளுக்குத் தெரியும். அந்த வாசனையையும் தெரியும்.

ஹெர் நோவாக்.

எல்லாரும் மரியாதையாக 'ஹெர்' என்று, அதாவது 'திரு' என்று, கூப்பிடும் அவர் இந்த மண்டபத்தை இருபது வருடம் பார்த்துக்கொண்டவர். யார் விழாவானாலும் முன்வரிசையின் இடது ஓரத்தில், விளக்குச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில், சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் பார்ப்பார். நாற்காலிகளை ஒழுங்காக அடுக்குகிற பிள்ளைக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பார். வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் "வணக்கம்" என்றால், பதிலுக்குச் சாவியை ஒருமுறை ஆட்டுவார். மார்ச் மாதத்தில் அவர் இறந்துபோனார்.

கொறற்றி இடது ஓரத்தைப் பார்த்தாள். முன்வரிசைக்கு எப்போதும் எட்டு நாற்காலிகள். இன்றைக்கு எட்டாவது இருந்த இடத்தில் பெரிய பூச்சாடி ஒன்று நின்றது.

அவள் மெய்லினின் அப்பாவிடம் போனாள். மெதுவாகக் கேட்டாள். "உங்கள் விருந்தினர்களோடு எங்கள் ஆள் ஒருவரையும் இருக்க வைக்கலாமா? அவருக்கு மட்டும் இடம் இல்லை."

யாரைச் சொல்கிறாள் என்பதையும் சொன்னாள். அவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார். பிறகு அவரே அதைத் தூக்கி அப்பால் வைத்தார்.

கொறற்றி ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டாள். மெய்லின் தன் சிவப்புச் சால்வையை அதன்மேல் விரித்தாள். நிகழ்ச்சித் தாள் ஒன்றை வைத்த பிறகு, கொறற்றி தன் பையின் உள்ளறையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்தாள். பெப்ரவரியில் நாற்பது நாற்காலி அடுக்கியதற்கு அவர் கொடுத்தது. அவர் போன பிறகு அதைத் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது கொடுக்கவும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கொடுத்தாள்.

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. சாவிச் சத்தம் நின்றது.

மெய்லின் பாடினாள். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. பாட்டு முடியும்வரை விளக்கு ஒரு தடவைகூட மினுங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்க வந்தார்கள். எட்டாவது நாற்காலி அங்கே இல்லை. அது ஏற்கெனவே சுவரோரம் ஒழுங்காக நின்றது. அதன்மேல் மடித்த சால்வை. சால்வைமேல் நாலாக மடித்த வெறும் மிட்டாய்த் தாள்.

தோழிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாகக் கதவடிக்கு வந்ததும் கொறற்றி திரும்பிப் பார்த்தாள். "வணக்கம், ஹெர் நோவாக்."

இருட்டுக்குள் சாவிக்கொத்து ஒருமுறை ஆடியது.

ஒலிபெருக்கிப் பெட்டியோடு நின்ற அப்பா திடுக்கிட்டார். "என்ன பிள்ளை சத்தம்? நான் இன்னும் மண்டபத்தைப் பூட்டேல்லையே."

"நீங்கள் வாங்கோ அப்பா," என்றாள் கொறற்றி. "பூட்டுறதுக்கு ஆள் இருக்கு."