மூன்றாம் சறுக்கல்

அமர்வில்லத்தில் காலையில் மணி அடிக்காது. சத்தம் கூடாது என்பதால் சுவர் விளக்கு மட்டும் மெல்ல வெளுக்கும். நாற்பது கர்ப்பிணிகளும் கண் விழித்து, வயிற்றைச் சுற்றியிருக்கும் பார்வைப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, கஞ்சிக்குக் காத்திருப்பார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடி. தரையில் கோடு போட்டிருந்தது. அதைத் தாண்டி நடக்கக் கூடாது. இருமலாம், தும்மலாம். சிரிக்கக் கூடாது.

பூவரசிக்கு அதெல்லாம் பெரிய கஷ்டமாக இல்லை. வெளியிலும் அவள் சத்தமாகச் சிரித்தவள் இல்லை. உயிரியல் படித்தவள் என்று தெரிந்ததும் பதிவு வாசிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மடியில் ஒரு ஸ்க்ரீன். பட்டிகள் அனுப்பும் படங்களில், நாற்பது வயிறுகளுக்குள் நாற்பது மூளைகள் உருவாவதைப் படுத்தபடியே பார்ப்பாள்.

அது அவளுக்கு அலுக்கவே இல்லை. நரம்புச் செல் பிறப்பது மூளையின் உட்புறத்தில். போய்ச் சேர வேண்டியது மேற்புறத்துக்கு. நடுவில் மெல்லிய ஏணியிழைகள். செல்லின் மேற்சவ்வில் இருக்கும் பிடிப்புப் புரதங்கள் முன்னால் இழையைப் பற்றும், பின்னால் விடும், செல் தன்னை இழுத்துக்கொண்டு ஓர் எட்டு ஏறும். சற்று நிற்கும். மறுபடி பற்றும். பிந்திப் பிறந்த செல்கள் முந்திப் போனவற்றைத் தாண்டி இன்னும் மேலே போய் அமரும்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், பெருவெக்கைக் காலத்தில், அந்தப் பிடி நழுவியது. கர்ப்பிணிகளுக்கு வந்த வெப்பக் காய்ச்சலில் புரதங்கள் குலைந்தன. செல்கள் பாதி வழியில் நின்றன. அந்தக் குழந்தைகளில் பிழைத்தவர்கள் குறைவு. அதன் பிறகுதான் அமர்வில்லங்கள் வந்தன: குளிர்ந்த அறை, அசையாத தாய். பத்தாம் வாரத்தில் உள்ளே வர வேண்டும். முதலில் இருபத்துநான்காம் வாரம் வரை என்றார்கள். பிறகு, எதற்கு வம்பு என்று பிரசவம் வரை நீட்டிவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டில் சகாயராணி திரேஸ்புரத்துக்காரி. கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவள். அவள் பட்டி ஏற்கெனவே இரண்டு முறை சறுக்கல் காட்டியிருந்தது. ஏறிய செல்கள் கீழே வழுக்கினால் அது சறுக்கல். மூன்றானால் ஆழ்படுக்கை. மருந்து ஏற்றிப் பிரசவம் வரை தூங்கவைத்துவிடுவார்கள்.

"ஏட்டி பூவரசி," என்றாள் சகாயராணி, கஞ்சியைக் கிண்டியபடி. "நேத்து எம் மாப்பிள்ள ஸ்க்ரீன்ல வந்தாரு. வீடு எப்பிடி இருக்குன்னு கேட்டேன். நீ இல்லாம அமைதியா இருக்குங்காரு."

"அக்கா, வேண்டாம்."

"நான் அமைதிக்காவ இங்க கட்டையாட்டம் கெடக்கேன். அந்த மனுசன் அங்க ஓசியில அனுபவிக்காரு பாத்தியா!"

தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டாள். பட்டி அலறியது. கட்டில் விளக்கு சிவந்தது.

மூன்று.

சகாயராணியின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "போச்சா?" என்று கேட்டாள்.

ஆழ்படுக்கை ஆணைக்குப் பதிவு வாசிப்பவரின் கையெழுத்து வேண்டும். இதற்கு முன் நான்கு முறை அவள் போட்டிருக்கிறாள். இந்த முறை கை போகவில்லை. நேரத்தைக் கடத்துவதற்காகவே சறுக்கலை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். லட்சக்கணக்கான செல்கள், ஒரே நொடியில், ஒரே பக்கம், ஒரே அளவு வழுக்கின. அவள் பார்த்தவரை செல்கள் அப்படிச் சேர்ந்து எதையும் செய்ததில்லை. ஒன்று ஏறும்போது ஒன்று நிற்கும்.

வாசிப்பவருக்குச் செல்கள் மட்டுமே தெரியும்படி மென்பொருள் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். மறைத்ததைத் திறந்தாள். குழந்தையின் மண்டையோட்டு விளிம்பு தெரிந்தது. அதுவும் அதே நொடியில் அதே அளவு வழுக்கியது.

எலும்பு ஏணி ஏறாது. நகர்ந்தது மூளை இல்லை; பட்டி.

பழைய சறுக்கல் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே வழுக்கல்; அவள் கையெழுத்திட்ட நான்கிலும்.

பதினோரு மணிக்கு டாக்டர் மிருதுளா வந்தார். அறுபது வயது, நரைத்த கிராப்பு. பின்னால் ஊசித் தட்டோடு நர்ஸ்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடல, டாக்டர்." அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "போடல. போடவும் மாட்டேன்."

ஸ்க்ரீனைக் காட்டினாள். டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு பதிவுல கோளாறு இருக்கலாம்."

"அறுபத்தொண்ணு பார்த்தேன். எல்லாத்துலயும் எலும்பு நகருது."

"நீ சொல்றது தப்பா இருந்தா?" டாக்டர் குரல் இறங்கியது. "வெக்கையில பொறந்த அந்தப் பிள்ளைங்கள வாங்கின கை இது, பூவரசி. இன்னொரு தடவ என்னால முடியாது."

அந்தப் பயம் பொய்யில்லை. பூவரசிக்கும் அது இருந்தது.

"பிடிய நழுவ வெச்சது வெக்கை, டாக்டர். நடையும் சிரிப்பும் இல்ல."

"கமிட்டிக்கு எழுது. ஒரு வருசத்துல பதில் வரும்."

"அக்காவுக்கு இன்னும் பத்தொன்பது வாரந்தான் இருக்கு. தூங்கவெச்சுட்டா பிள்ள உதைக்கிறதுகூட அவங்களுக்குத் தெரியாது."

"உயிரோட பிள்ள கெடைக்கும்."

பூவரசி கட்டிலை விட்டு இறங்கினாள். "வெளியில மழை மேகம். இருபத்தொன்பது டிகிரி. என் பட்டி ஓடிக்கிட்டிருக்கு. எலும்பையும் சேத்துப் பாருங்க."

தரைக் கோட்டைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். நர்ஸ் அவள் பக்கம் நகர, சகாயராணி தட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுட்டி! இந்த ஊசிக்காரிய நான் பாத்துக்கிடுதேன்!"

பதினொரு வாரமாகப் படி பார்க்காத கால்களால் ஏறத் தொடங்கினாள். முதல் படியிலேயே பட்டி அலறியது. ஒவ்வொரு படிக்கும் அலறியது. தப்பாக இருந்தால்? கைப்பிடியை இறுகப் பற்றினாள். தப்பாக இருந்தால், இழப்பது அவள் பிள்ளையை. இரண்டாம் வளைவில் நின்று, வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கத்தினாள்.

"நின்னுட்டேன்! இப்பப் பாருங்க!"

பட்டி அடங்கியது. அசையாமல் நூறு வரை எண்ணினாள்.

"எலும்பும் வழுக்கிச்சு," என்றது கீழிருந்து டாக்டரின் குரல். "இப்ப... இப்ப எல்லாம் அது அது இருந்த எடத்துலயே இருக்கு."

"இருந்த எடத்துலயேவா?"

"இல்ல. செல்லுங்க மட்டும் கொஞ்சம் மேல."

பூவரசி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஊசிய நிறுத்தச் சொல்லிட்டேன்," என்றார் டாக்டர். "இறங்கி வா. மத்ததப் பேசிக்கலாம்."

"நீங்க ஏறி வாங்க, டாக்டர்."

மொட்டைமாடிக் கதவைத் தள்ளினாள். ஈரக் காற்று முகத்தில் அடித்தது. பின்னால், படிக்கட்டில், இன்னொரு பட்டி அலறியது. பிறகு இன்னொன்று. அவற்றுக்கு மேலே சகாயராணியின் சிரிப்பு கேட்டது.

கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றாள். கீழே பஸ் நிறுத்தத்தில் கல்லூரிப் பெண்கள் சிலர். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டினாள். பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. பிள்ளை சுமக்கும் வயிற்றை அவர்கள் யாரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

இரண்டு பேர் சேர்ந்து பார்த்தாலே தலைகுனிந்துவிடும் பூவரசி, நன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.