சின்னது வெளியே

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். தமயந்தி ஒன்று வரை வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் அங்கேயே இருந்தாள்.

எல்லோரும் ஏழிலோ ஆறிலோ அடங்கிவிடுவார்கள். சூரத்தின் அந்த மூன்றாம் மாடி அறுவை அறையில் பதினோரு வருடமாக மூத்த நர்ஸாக நின்றவளுக்கு அது தெரியும். இன்று உடல் எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கிக்கொள்ள அதே அறையின் மேசையில் அவளே படுத்திருந்தாள். "டாக்டர், நான் தூங்கல" என்று சொல்ல நாக்கைப் புரட்டினாள். நாக்கு புரளவில்லை. இமைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உடம்பைக் கட்டிப்போடும் மருந்து ஏறிவிட்டது, தூங்கவைக்கும் மருந்து மட்டும் எங்கோ வழியில் நின்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தபோது, யாரோ தாடையைத் தூக்கிக் குழாயை இறக்கியிருந்தார்கள். இயந்திரம் அவளுக்காக மூச்சுவிடத் தொடங்கியது. அவள் கேட்காத நேரத்தில் காற்று வந்தது, அவளுக்குப் போதாத அளவில் நின்றது.

ஸ்பிரிட் வாசனை, சூடான விளக்கின் வாசனை, மாடி ஜன்னலுக்கு அப்பால் எங்கோ ஒலிபெருக்கிப் பாட்டு. உத்தராயணப் பட்டத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். பக்கத்து மொட்டை மாடிகளில் பட்டம் அறுபடும்போதெல்லாம் "காய்போ சே!" என்று கத்தினார்கள்.

"பௌமிக்பாய், மாஞ்சா வாங்கியாச்சா?" அறுவை மருத்துவர் வசாவடாவின் குரல்.

"வாங்கியாச்சு சாகேப். ஆனா என் பட்டத்தை நானே அறுத்துக்குவேன், அது என் ராசி." மயக்க மருந்து கொடுப்பவர் சிரித்தார்.

"அடுத்த வருஷம் தமுபென்னே மாடியில ஓடி ஓடிப் பட்டம் பிடிப்பாங்க, பாருங்க," என்றாள் ஃபால்குனி. எல்லோருக்கும் தமுபென்னான தமயந்தியின் இடத்துக்கு இன்று பக்கத்து அறையிலிருந்து வந்த நர்ஸ். "ஆனா பண்டிகைக்குப் பண்ற உந்தியு கூட்டுல இனி ரெண்டே ஸ்பூன்!"

அவர்கள் சிரித்த சிரிப்பு தமயந்தியின் வயிற்றின் மேலேயே நடந்தது. வலி மருந்து வேலை செய்ததால் வலிக்கவில்லை. கத்தி தொட்டது தெரிந்தது. உள்ளே ஏதோ இழுபடுவது, விலகுவது, ஒதுக்கி வைக்கப்படுவது தெரிந்தது. அவள் உள்ளுக்குள் அலறிக்கொண்டிருந்தாள். ரத்த அழுத்தத்துக்காகக் காலையில் விழுங்கிய மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்திருந்தது. நாடிக் கருவி நிதானமாக டிக் டிக் என்றது. அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

தொண்டையில் மூச்சுக்கான குழாயோடு இன்னும் இரண்டு குழாய்களை உணர்ந்தாள். வாய்வழியே இரைப்பைக்குப் போன தடித்தது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற அளவுக்கு. அது இருக்க வேண்டும். மூக்குவழியே போன சின்னது, இரைப்பையைக் காலி செய்ய. இரைப்பையை வெட்டித் தைக்கும் கருவியை அழுத்துவதற்கு முன் அது வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் இரைப்பையோடு சேர்ந்து தைக்கப்பட்டுவிடும்.

அதற்கு இந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. சாகேப் "சின்னது?" என்பார். தலைமாட்டில் நிற்கும் தமயந்தி கண்ணால் பார்த்து, லேசாகச் செருமி, "சின்னது வெளியே, சாகேப்" என்பாள். அதைக் கேட்டால்தான் அவர் விரல் அழுத்தும். எந்தத் தாளிலும் இது எழுதப்படவில்லை. தமுபென்தான் எப்போதும் இருக்கிறாளே.

ஃபால்குனிக்கு இது தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, பாருல்பென் என்ற பள்ளி ஆசிரியை இதே மேசையில் படுத்திருந்தாள். அன்று தமயந்தி துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொல்லிவிட்டாள், "சின்னது வெளியே, சாகேப்." குழாயோடு சேர்ந்து விழுந்த தையல் பிரிந்து, கசிந்து, இருபத்திரண்டாம் நாள் பாருல்பென் போய்ச் சேர்ந்தாள். மிக அரிதாக நேரும் சிக்கல் என்று கோப்பில் எழுதினார்கள். தான் பார்க்கவில்லை என்று தமயந்தி யாரிடமும் சொல்லவில்லை.

"சரி, கருவியைக் குடு." வசாவடா சொன்னார்.

சின்னது இன்னும் உள்ளேதான் இருந்தது. மூக்கின் உள்சுவரில் உரசியது. அண்ணத்தின் பின்னால் குளிர்ந்தது. விரலை அசை. ஒரு விரல். கட்டைவிரல் போதும்.

அசையவில்லை.

"சின்னது?" என்றார் வசாவடா, பழக்கத்தில்.

யாரும் பதில் சொல்லவில்லை. நல்லது. சொல்லாதீர்கள். பாருங்கள். யாராவது குனிந்து பாருங்கள்.

தலைமாட்டில் யாரோ லேசாகச் செருமினார்கள்.

"சின்னது வெளியே, சாகேப்."

அது அவள் குரல்.

கருவி அழுந்தியது. இறுகியது. நறுக்கென்ற அந்தச் சத்தத்தை ஆயிரம் முறை வெளியிலிருந்து கேட்டிருக்கிறாள். இப்போது அது எலும்புவழியாக வந்தது. ஒன்று. வெளியே யாரோ "காய்போ சே!" என்றார்கள். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"முடிஞ்சது. பௌமிக்பாய், எல்லாத்தையும் உருவிடுங்க."

தடித்தது வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு மூக்கில் ஒரு இழுப்பு. இழுப்போடு வயிற்றின் ஆழமும் எழுந்து வந்தது.

"சாகேப்... சின்னது வரமாட்டேங்குது," என்றார் பௌமிக்.

"என்னது? உள்ளேயா இருக்கு? வெளியேன்னு சொன்னியேம்மா!"

"நான் சொல்லல சாகேப்," என்றாள் ஃபால்குனி. "நான் வாயே திறக்கல."

"நானும் இல்ல," என்றார் பௌமிக்.

"அப்ப யாரு சொன்னது?"

டிக். டிக். டிக்.

கண்ணீரில் ஊறி இடது இமையின் பிளாஸ்திரி ஓரமாகப் பிரிந்தது. மெல்லிய கீற்றாக வெளிச்சம். அதற்குள் தலைமாடு தெரிந்தது. அங்கே பச்சை அங்கியில் ஒருத்தி நின்றாள். முழங்கால் வலிக்காக ஒரு காலில் சாய்ந்து நிற்கும் தமயந்தியின் அதே நிற்பு, அவளுடைய அதே கனத்த தோள்கள். கையில் துணி. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, மடித்துக்கொண்டிருந்தாள்.

நிமிரவே இல்லை.