கழுதைத் தடமும் காற்றுப் பலகையும்

ஸஹ்றா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நிஸ்லா ஓடிவந்து வாசலில் நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“உன்ர தம்பி சேத்துக்குள்ள நிக்கிறான். வெளிய வர ஏலாதாம்.”

வெங்காயம் கைநழுவி உருண்டது. உம்மா அக்கம்பக்கத்துப் பெரியவர்களோடு அடுத்த ஊர்க் கலியாண வீட்டுச் சமையலுக்குப் போயிருந்தார். வாப்பா இறங்குதுறையில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆறு வயதுப் பவ்ஸானைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஸஹ்றாவுடையது. அவளுக்கே பதினொரு வயதுதான்.

“எவடத்தில?”

“பழைய வள்ளத்துக்கு நேரே. கழுதைக்குட்டி பாக்கப் போனவன்.”

இருவரும் ஓடினார்கள்.

எருக்கலம்பிட்டிக் கரையில் கடல் பின்வாங்கினால் பெரிய சேற்றுவெளி தெரியும். அதில் இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரேயொரு சட்டம்: கழுதைத் தடத்தில் கால் வை. மன்னார்க் கழுதைகள் யார் சொல்லையும் கேட்பதில்லை. ஆனால் புதைகிற இடத்தில் அவை கால் வைக்காது என்று ஊரே நம்புகிறது.

பவ்ஸானும் சட்டப்படிதான் நடந்தான். குட்டி தூரத்தில் நின்றது. அதை நோக்கிப் போகும் பழைய தடம் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு குளம்படியிலும் ஒழுங்காகக் கால் வைத்துப் போனான். அந்தத் தடம் போன கிழமை பதிந்தது. நேற்று முழுக்க மழை பெய்து கீழே எல்லாம் இளகியிருந்தது. ஆறு வயதுக்காரனுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

அவன் நாற்பது அடி தூரத்தில், தொடை வரை புதைந்து நின்றான். அவனுக்கு அப்பால் வெள்ளிக்கோடு போலத் தண்ணீர் தெரிந்தது. கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“ராத்தா, ஆரோ காலைப் பிடிச்சு இழுக்கிறாங்கள்.”

“ஒருத்தரும் இழுக்கேல்ல. அசையாம நில்லு. நான் வாறன்.”

ஸஹ்றா நாலு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்து இழுத்துத்தான் காலை வெளியே எடுத்தாள். தானும் மாட்டிக்கொண்டால் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

தவழ்ந்து கரைக்குத் திரும்பினாள்.

“நிஸ்லா, நீ ஓடிப்போய் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.”

“இறங்குதுறைக்குப் போய் வர அரை மணித்தியாலம் ஆகுமே.”

“தெரியும். ஓடு.”

நிஸ்லா ஓடினாள். ஸஹ்றா தண்ணீரைப் பார்த்தாள். அது அரை மணித்தியாலம் காத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் இருந்த நீலப் பை நினைவுக்கு வந்தது.

அது அன்ரோனெற் அக்காவுடையது. வங்காலையிலிருந்து பறவைகளை எண்ண வரும் அவர், பஸ்ஸில் கொண்டுபோகச் சிரமம் என்று காற்றுப் பலகையை இவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். சுருட்டினால் பாய் போல இருக்கும். காற்றடித்தால் பத்தடிப் பலகையாகிவிடும். அந்தப் பலகையில் படுத்தபடி அவர் இதே சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனதை ஸஹ்றா கண்ணால் கண்டிருக்கிறாள். கால் வைத்தால் விழுங்குகிற சேறு, பாரம் பரவினால் பேசாமல் கிடந்தது.

கிழிந்துபோன வேறொரு பலகையிலிருந்து வெட்டிய துண்டையும் அன்ரோனெற் அக்கா ஒருநாள் காட்டினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் நெருக்கமாக நின்றன.

“மற்றத் துணிக்கு நீளமும் அகலமும்தான் இருக்கு. இதுக்கு உயரத்தையும் சேர்த்தே நெய்திருக்கினம்,” என்றார் அவர்.

“அப்ப இது துணியோ வீடோ?” என்று பவ்ஸான் கேட்டான்.

“மாடி வீடு மாதிரித் துணி. காத்து வந்தால் இந்த நூல் எல்லாம் விறைச்சு, ரெண்டு துணியையும் இழுத்துப் பிடிக்கும். அதாலதான் இது பலூன் மாதிரி ஊதாமல் பலகை மாதிரி நிக்குது.”

இப்போது ஸஹ்றா வீட்டுக்கு ஓடினாள். பையை முதுகில் ஏற்றி, வாப்பாவின் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவ்வளவு பாரத்தோடு எப்படி ஓடினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது.

பலகையை விரித்து, பையிலிருந்த பம்பின் குழாயைப் பூட்டி, காற்றடிக்கத் தொடங்கினாள். முழு உடம்பையும் பம்பின் மேல் போட்டு அமுக்கினாள்.

“ராத்தா, தண்ணி வந்திட்டுது.”

“எவ்வளவு?”

“இடுப்புக்கு.”

பலகை பருத்திருந்தது. பார்வைக்கு அது போதும் போலத்தான் இருந்தது. ஸஹ்றா குழாயைக் கழற்றக் கை வைத்தாள். பிறகு பலகையின் நடுவே முழங்காலை ஊன்றிப் பார்த்தாள். அது பழைய தலையணை போல மடிந்தது.

உள்ளே நூல்கள் இன்னும் விறைக்கவில்லை. இப்படியே போனால் நடுச்சேற்றில் மடிந்து இரண்டு பேரையும் கவிழ்த்துவிடும்.

“ராத்தா, ஏன் வராம நிக்கிறாய்?”

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பதுதான் அன்று அவள் செய்தவற்றில் மிகக் கடினமானது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடித்தாள்.

“பவ்ஸான், கழுதைக்குட்டி என்ன செய்யுது?”

“என்னையே பாக்குது.”

“அதுக்கு ஒரு பேர் வை. நான் வந்ததும் சொல்லு.”

பம்ப் இறுகி அதற்கு மேல் இறங்க மறுத்தது. முழங்காலை ஊன்றினாள். பலகை அசையவில்லை. விரலால் தட்டினாள். மேசையைத் தட்டியது போலிருந்தது.

கயிற்றின் ஒரு முனையைக் கரையில் கிடந்த பழைய வள்ளத்தில் கட்டினாள். மறுமுனையைப் பலகையில் கட்டினாள். குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தள்ளித் தள்ளிப் போனாள். முகத்துக்குச் சற்றுக் கீழே சேறு கொழகொழத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தம்பியின் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். தண்ணீர் அவனுடைய நெஞ்சைத் தொட்டபோது அவள் கை அந்தச் சட்டையைப் பிடித்தது.

“முன்னால சாய்ஞ்சு பலகையில படு. நல்லாக் கட்டிப்பிடி.”

அவன் நெஞ்சைப் பலகையில் போட்டான். அவள் இழுத்தாள். அவன் வரவில்லை.

“ஒரு காலை மட்டும் மெதுவா ஆட்டு. சைக்கிள் மிதிக்கிற மாதிரி.”

அவன் ஆட்டினான். காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கிச் சேறு இளகியது. முதலில் ஒரு கால் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மற்றக் கால் பெரிய சத்தத்தோடு வந்தது.

“என்ர செருப்பு உள்ள போயிட்டுது.”

“போகட்டும்.”

“உம்மா ஏசுவா.”

“உம்மாட்ட நான் சொல்றன். பேசாமப் படு.”

பலகை தண்ணீரில் மிதந்தது. ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை இழுத்து இழுத்து, ஸஹ்றா கரையை நெருங்கினாள்.

“பேர் வைச்சிட்டன் ராத்தா. சேத்துமாமா,” என்றான் பவ்ஸான்.

பழைய வள்ளத்தைத் தொட்டபோது வாப்பாவும் இன்னும் இரண்டு மீனவர்களும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிஸ்லா நொண்டிக்கொண்டு வந்தாள். வாப்பா பவ்ஸானைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. ஸஹ்றாவின் விரல்கள் அவனுடைய சட்டையை இறுகப் பிடித்திருந்தன.

“விடு மகள். கரைக்கு வந்திட்டீங்கள்.”

“விடத்தான் பாக்கிறன் வாப்பா. கை விடுகுதில்ல.”

“எனக்குக் கழுத்து இறுகுது,” என்றான் பவ்ஸான்.

வாப்பா அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.