யார் போட்ட உப்பு

தொட்டித் தண்ணீர், அவள் விட்டுப்போன நீலத்தில் இல்லை.

வேறு யாராவது பார்த்திருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று போயிருப்பார்கள். அவளுக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. சாயம் ஏற்றிய கண்ணாடிகளை நாள் முழுக்க ஜோடி சேர்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு சாயல் கூடினாலும் உறுத்தும். காலையில் அவள் மருந்து விட்டபோது வெளிறிய நீலமாக இருந்த தண்ணீர், மாலையில் அவள் கதவைத் திறந்து, தோள்பையைக்கூட இறக்காமல் எட்டிப் பார்த்தபோது மையைக் கொட்டின மாதிரி கறுத்துக் கிடந்தது. உள்ளே மூன்று தங்கமீன்களும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அரிப்புத் தாங்காமல் அவ்வப்போது ஒன்று விலகிப் போய்க் கூழாங்கல்லில் விலாவைத் தேய்த்துவிட்டு வந்தது.

இந்த மனுஷன்தான், என்று பல்லைக் கடித்தாள். வேறு யார்?

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவளும், பேருந்துப் பணிமனையில் மதிய ஷிஃப்ட் பார்க்கிற அவள் கணவரும். பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரண்டிலும் அடுத்த ஆள்தான் கெட்டவர். ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டு அவருடையது. துணி காய்கிற கொடியில் நடுவே ஒரு கிளிப்பு. அதைத் தாண்டி இவள் புடவை நுனி போனால் அவர் ஒரு விரலால் தள்ளிவிடுவார். அப்படி ஒரு வீம்பு.

பேச வேண்டியதையெல்லாம் மகளிடம் பேசினார்கள். வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. காலையில் அம்மா போன், ராத்திரி அப்பா போன். "உங்கப்பா நேத்து என்ன பண்ணார் தெரியுமா" என்று இவள் ஆரம்பித்தால் அந்தப் பெண்ணின் சாப்பாடு ஆறிக் கட்டையாகிற வரைக்கும் நிறுத்த மாட்டாள். திரையில் மகள் ம், ம் என்று கேட்டபடி கழுத்தைச் சொறிந்துகொண்டே இருப்பாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், முடி கொட்டி, ஆளே பாதியாகிவிட்டிருந்தாள். விடுதிச் சாப்பாடு அப்படி என்றாள் அம்மா. உங்கம்மா கவனிக்கிற லட்சணம் அப்படி என்றார் அப்பா.

மீன்கள் மகளுடையவை. குண்டன், பவுன், முழியன் என்று பெயர் வைத்து வளர்த்தவள். புள்ளி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் இருவருக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "மூணும் பிழைச்சா லீவுக்கு வீட்டுக்கு வர்றேன். இல்லன்னா வரல. உங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு உயிரைக் காப்பாத்தத் தெரியுதான்னு பாக்கறேன்."

அவள் வர வேண்டும். வந்து அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்து, அந்த ஆள் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். இவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக மூன்று மீனையும் நெஞ்சில் வைத்துச் சுமக்கத் தயாராக இருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் மீன் கடைக்குப் போனாள். குழாய்கள் குமிழிவிடுகிற சத்தமும் ஈரப் பாசி வாடையுமாக இருந்த குறுகலான கடை. கடைக்காரர் அவள் பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"மருந்து ரெண்டு தடவை விழுந்திருக்குக்கா. வீட்ல யார் போடறது?"

"நான்தான்."

"வேற யாரும்?"

அவள் பாட்டில் மூடியைக் கையில் உருட்டினாள். அவரும் குடும்பஸ்தர்தான் போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை.

"ஒரு கைதான் போடணும். இந்த நீலத்தை நிறுத்திடுங்க. பாதித் தண்ணிய மாத்திட்டு, கல்லுப்பைக் கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. ஹீட்டரைத் துளி ஏத்துங்க. புள்ளின்னு தெரியறது பூச்சி. அது தோலுக்குள்ள இருக்கற வரைக்கும் எந்த மருந்தும் அண்டாது. சூடு பட்டா உதிர்ந்து வெளிய வரும். வந்து, ஒட்டிக்க வேற உடம்பு தேடி அலையும். அப்பத்தான் அடிக்க முடியும்."

"மீனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பூச்சியக் கொல்றதுல என்ன இருக்கு, ஆசிட் ஊத்தினாக்கூடச் சாகும். மீனுக்குத் தெரியாம கொல்லணும், அதான் வேலை. அளவு சரியா இருந்தா மீன் அது பாட்டுக்கு மேஞ்சிட்டிருக்கும். அது நல்லாருக்குன்னு நினைக்கற தண்ணியிலயே பூச்சி வெந்துட்டிருக்கும்."

அவர் சொன்னபடியே செய்தாள். ஆனால் அடுத்த நாள் மாலை விரலை நனைத்து நாக்கில் வைத்தபோது, அவள் போட்டதைவிட உப்பு தூக்கலாக இருந்தது. ஹீட்டரின் திருகு அவள் வைத்த இடத்தில் இல்லை, மேலே ஏறியிருந்தது. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்ட மாதிரி. படுபாவி, என்னைத் தோற்கடிக்க மீனைக் கொல்லப் பார்க்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே வாளி வாளியாக இறைத்து ஊற்றினாள்.

விடுமுறை நாளன்று காலையில் அடுப்படியில் நின்றவள், கதவிடுக்கு வழியாக அவரைப் பார்த்தாள். தொட்டியருகில் குனிந்து, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, தூவென்று கைக்குட்டையில் துப்பினார்.

"கொலைகாரி," என்றார் தனக்குத்தானே. "அள்ளிக் கொட்டியிருக்கா."

பிறகு அவரும் ஒரு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

நேற்று ராத்திரியிலிருந்து அவள் ஒரு கல் உப்புப் போடவில்லை. அவரும் போடவில்லை. அவர் முகத்தில் இருந்தது நடிப்பில்லை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது? போய் "நீங்க போடலையா" என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் முதலில் பேசினவள் தோற்றவள் என்று நினைத்துக்கொண்டு, அதை எச்சிலோடு விழுங்கிவிட்டு, பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

மீன்கள் பிழைத்தன. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இவர்கள் இருவரும் மாற்றி மாற்றிக் குழப்பிய தண்ணீரை ஏதோ ஒன்று பொறுமையாகச் சரிசெய்துகொண்டே வந்தது. ஒவ்வொரு மாலையும் அளவு அச்சுப் பிசகாமல் இருந்தது. புள்ளிகள் உதிர்ந்தன. பவுனின் முதுகு விளக்கி வைத்த பித்தளை போல் மின்னியது. முழியன் கண்ணாடிக்கு வந்து, அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. சோறு போடுகிற கையைப் பார்த்தால் மீன் அப்படித்தான் ஆட்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி குடிதண்ணீர் கரித்தது. ஒரு துளிதான். ஜாடியைக் கழுவி மறுபடி பிடித்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கரித்தது. கடையிலும் பேருந்திலும் சரியாக இருந்த தொண்டை, வீட்டுப் படியேறினதும் எரியத் தொடங்கியது. வீடு சூடாகிக்கொண்டே வந்தது. வெளியே காற்றடிக்கிற மாலைகளில்கூடச் சுவரில் கைவைத்தால் உள்ளே யாரோ விளக்கு வைத்தது போலக் கதகதத்தது. திறந்து வைத்துவிட்டுப் போன ஜன்னல்கள் மூடியிருந்தன. குளியலறை வாளித் தண்ணீரில் ஒரு சாயல் நீலம். வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

தோல் உரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. நல்லா வேணும், என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அவளுக்கும் இருமல் வந்தது.

மகளை அழைத்தால் குரல் எழும்பவில்லை. இவளுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. ஒரு வாரமாக அந்தப் பெண்ணின் காதில் யாரும் எதையும் ஊற்றவில்லை. கடைசியாகத் திரையில் பார்த்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கழுத்தைச் சொறியவில்லை. "மீன் பொழச்சிருச்சுன்னு அப்பா எழுதியிருந்தாரும்மா. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வர்றேன்," என்றாள், பாட்டுப் பாடுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் விடுப்பு எடுத்தாள். அவரும் எடுத்திருந்தார். நடையில் நேருக்கு நேர் நின்றார்கள். அவர் உதடு வெடித்துக் கிடந்தது. கண் சிவந்திருந்தது.

"உப்பு நீதானே?" என்றார், வெறும் காற்றாக வந்த குரலில். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"நீங்க இல்லையா?"

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் இருவரும் சேர்ந்து தொட்டியைப் பார்த்தார்கள். தண்ணீர் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கையை விட்டுக் கலக்கி எடுத்த மாதிரி. தரையில் சொட்டுகள். தொட்டியிலிருந்து அடுப்படிவரை. அடுப்படியிலிருந்து அவர்கள் நின்ற இடம்வரை.

"வெளிய போயிடலாம்," என்றார் அவர்.

"நீங்க போங்க."

"ரெண்டு பேரும்னு சொல்றேன்."

"நான் போனா, அவ வர்றப்ப நீங்க மட்டும் வாசல்ல நிக்கலாம்னு பாக்கறீங்க. அதானே?"

"சரி, நான் போறேன்னு வச்சுக்க. நீ என்ன சொல்லுவ அவகிட்ட? அப்பா உன்னப் பாக்கக்கூட நிக்கலன்னு சொல்லுவ. உன்னைத் தெரியாதா எனக்கு."

அவரை அடித்துவிடலாம் போல் இருந்தது. கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது. நீ முதலில், நீங்க முதலில் என்று நின்றார்கள். பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்றே இல்லை. சுவரில் காலண்டர் தாள்கூட அசையவில்லை.

சூடு ஏறியது.

சுவரெல்லாம் வியர்த்தது. மூச்சை இழுத்தால் மார்புக்குள் கண்ணாடித் தூள் போனது. அவர் சுவரில் சாய்ந்து, சரிந்து, உட்கார்ந்தார். அவளுக்கும் முட்டி மடங்கியது. தரை ஈரம். அந்த ஈரம் பட்ட இடமெல்லாம் எரிந்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை.

சாவி திரும்பியது.

மகள். தோளில் பையோடு. நிறைந்த கன்னம், பளபளவென்று பின்னல். விளக்கைப் போட்டாள். வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நடந்து வந்தாள். ஒன்றும் ஆகவில்லை அவளுக்கு.

"அம்மா? அப்பா?" என்றாள். "ரெண்டு பேரும் எங்க போயிட்டாங்க?"

காலடியில் கிடந்தார்கள் இருவரும். அவள் கண் அவர்கள்மேல் விழுந்தது. நிற்காமல் தாண்டிப் போனது.

ஆழமாக மூச்சை இழுத்துவிட்டாள். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி மடமடவென்று குடித்தாள். குடிக்காதே என்று இவள் வாயசைத்தாள். மகள் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

மேலிருந்து ஏதோ விழுந்தது. பொடிப் பொடியாக. வெள்ளையாக. கீழே கிடந்தவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கூரை இருக்க வேண்டிய இடத்தில் நீலம். அதற்குள்ளிருந்து முழங்கை வரை நனைந்த ஒரு கை. அறையின் அகலம் இருந்தது. இரண்டு விரலால் உப்பை நசுக்கி நசுக்கித் தூவியது. அவசரமில்லாமல். அளவு பார்த்து.

மகளின் தலையிலும் உப்பு விழுந்தது. அவள் மீன்களுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

மகளின் பாதம். வெறும் பாதம். வெதுவெதுப்பானது, உயிருள்ளது. அதில் ஒட்டிக்கொண்டால் போதும், எரிச்சல் நின்றுவிடும். எப்படியோ தெரிந்தது இவளுக்கு. நகர்ந்தாள். பக்கத்தில் அவரும் நகர்ந்தார். அதே பாதத்தை நோக்கி. அவள் முழங்கையால் அவர் முகத்தில் இடித்தாள். அவர் அவள் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எனக்கு. இல்லை, எனக்கு. தோல் தரையில் ஒட்டிப் பிய்ந்தது. இடித்தாள். இழுத்தார். ஒரு சாண் தூரம்.

மகள் பாட்டை நிறுத்தாமல், இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டாள்.