வெட்டிய துண்டு

அம்மா வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மகள் கன்னத்தில் விழுந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள், பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டாள், லேசாகச் சிரித்தபடி இரண்டு முறை தலையாட்டினாள். அப்போது பாடம் எதுவும் நடக்கவில்லை. மிஸ் வெளியே அம்மாவோடு நின்றுகொண்டிருந்தார், உள்ளே மற்ற பிள்ளைகள் காகிதத்தைச் சுருட்டி எறிந்தும் பெஞ்சைத் தட்டியும் ரகளை செய்துகொண்டிருந்தார்கள். மகள் மட்டும் எழுத்தே இல்லாத கரும்பலகையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ரொம்ப சமத்து. அதான் உங்களை வரச் சொன்னேன்," என்றார் மிஸ். "பக்கத்துல உக்கார்ற பொண்ணு பேரு என்னன்னு கேட்டாக்கூட சொல்ல மாட்டேங்கிறா. எது கேட்டாலும் சிரிக்கிறா, தலையாட்டுறா. ஆன்லைன் கிளாஸ்லயும் இப்படித்தான் ஆடாம அசையாம இருப்பா. இவளைப் பாத்துக் கத்துக்கங்கன்னு மத்தவங்ககிட்ட நானே சொல்லியிருக்கேன். வீட்ல பேசுவாளா?"

"வீட்ல வாயே ஓயாது மிஸ்."

ஒரு காலத்தில் அது உண்மை. அப்பா அவளுக்கு வைத்த செல்லப்பெயரே வாயாடி. கடைசியாக எப்போது பேசினாள் என்று அம்மா யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

"ஆன்லைன் கிளாஸ் நடந்தப்போ ஏதாவது பிரச்சனையா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். பள்ளி மூடிக் கிடந்த நாட்களில் அம்மாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ வாங்கிய பொருளுக்கு யாரோ சொல்லும் புகாரைக் கேட்டு, நயமாகப் பேசி அனுப்ப வேண்டும். பக்கத்து மேஜையில் வாயாடிக்கு வகுப்பு. அம்மா இது புரியல, அம்மா மிஸ் என்னைக் கூப்பிடவே இல்ல, அம்மா இங்க பாரேன் என்று தலையைத் தின்றாள். கேமராவை அணைத்தால் வருகைப்பதிவு கிடையாது. அதனால் ஒருநாள் அவளை உட்காரவைத்து, பாடம் கவனிப்பதுபோல நடிக்கச் சொல்லி, அம்மாவே சின்னதாக ஒரு வீடியோ எடுத்தாள். வகுப்பில் கேமரா காட்டும் முகத்துக்குப் பதிலாக அது திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள். வாயாடியின் கையில் போனைக் கொடுத்து உள் அறைக்கு அனுப்பினாள். வீடு அமைதியானது. அந்த அமைதி அன்று எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இப்போது உடம்பே கூசியது.

"ஒண்ணும் இல்ல மிஸ்," என்று பூசி மெழுகிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா வேலைக்குக் கிளம்பினார். "என்னடி வாயாடி, அம்மாவைத் தொந்தரவு பண்ணாம இருப்பியா?" மகள் தலையாட்டினாள். "சமத்து!" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் பார்க்கப்போகும் பார்வையை அம்மாவால் தாங்க முடியாது.

கதவு சாத்தியதும் மின்விசிறியின் கிறீச்சும், சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசையும் ஒவ்வொன்றாகத் துலங்கின. மகள் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் ஆன்லைன் வகுப்புக்கு உட்காரும் பழைய மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முடியை ஒதுக்கினாள். உதட்டருகே போன விரல்கள் எதையோ பிடித்திருந்தன. பேனா இல்லை. சிரித்தாள், இரண்டு முறை தலையாட்டினாள். பிறகு முடி மறுபடியும் கன்னத்தில் கிடந்தது. அது விழுந்ததை அம்மா பார்க்கவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை, ஆனாலும் பார்க்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். சூடேறும் பிளாஸ்டிக் வாசனை. அந்த வீடியோ இன்னும் இருந்தது. அதை ஓடவிட்டு மகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு கைகள் சேர்ந்து உயர்ந்தன. இரண்டு தலைகள் சேர்ந்து ஆடின.

கடைசியில் உதடுகள் லேசாகப் பிரிந்ததும் காட்சி முதலுக்குத் தாவியது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். கேமராவைத் தாண்டி அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "போதுமாம்மா?" என்று கேட்டிருந்தாள் குழந்தை. நடிப்பு தெரிந்துவிடுமே என்று அம்மாதான் அந்தத் துண்டை வெட்டினாள்.

தேடினாள். போனில், லேப்டாப்பில், அழித்தவை சேரும் இடத்தில். எங்கும் இல்லை.

லேப்டாப்பை மூடினாள். மகள் நிறுத்தவில்லை.

அம்மா அவள் முன்னால் முட்டிபோட்டாள். "போதும்டா கண்ணு. அம்மாதான் தப்பு பண்ணிட்டேன். மிஸ்கிட்டயும் சொல்லிடறேன், அப்பாகிட்டயும் சொல்லிடறேன். பேசுடா."

முடி. பேனா இல்லாத விரல்கள். சிரிப்பு. தலையாட்டல்.

பிறகு கண்கள் உயர்ந்தன. அம்மாவைத் தேடின. கண்டுபிடித்தன. நீர் திரண்டு ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. உதடுகள் பிரிந்தன.

"போதுமான்னு கேளுடா. கேளு."

அடுத்த கணம் கன்னம் காய்ந்திருந்தது. அதன்மேல் முடி விழுந்து கிடந்தது. மகள் சுவரைப் பார்த்தபடி, அதை ஒதுக்கக் கையைத் தூக்கினாள்.